பழைய பிக்கப்பா, சிக்கனக் காரா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களிலும், சிறு குத்தகை வேலை செய்பவர்களிடமும் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது: வீட்டில் இருக்கும் பழைய டீசல் பிக்கப்பை வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டு ஆக்சியா, பெசா போன்ற பழைய சிறிய கார் ஒன்றை வாங்குவதா?

இந்தக் கேள்விக்கு எண்ணெய் விலையே முக்கியக் காரணம். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக உயர்ந்தது. அதன் பிறகு சந்தை நிலவரத்துக்கேற்ப அது மாறி வருகிறது. பெட்ரோலுக்கோ, 2025 செப்டம்பர் 30 முதல் ‘பூடி95’ திட்டம் வந்தது. ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்கள் மைகார்டைப் பயன்படுத்தி, மாத வரம்புக்குள் ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு நிரப்ப அது வழி செய்தது.

மாதக் கணக்கு

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் பிக்கப்புக்கு 150 லிட்டர் டீசல் தேவை. லிட்டர் 3 வெள்ளி என்றால் 450 வெள்ளி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 100 லிட்டர் போதும். செலவு 199 வெள்ளி. வித்தியாசம் 251 வெள்ளி. அன்றைய விலையைப் போட்டு அவரவர் ஓட்டத்துக்கு இதே முறையில் கணக்கிடலாம்.

ஆனால் காருக்கு மாதத் தவணை 400 வெள்ளி என்றால், இந்தச் சேமிப்பு தவணையைக்கூட அடைக்காது. பிக்கப் விற்ற பணத்திலேயே காரை வாங்க முடிந்தால்தான் லாபம் உடனே கைக்கு வரும். சாலை வரியிலும் கொஞ்சம் மிச்சமாகும்: தீபகற்பத்தில் 1.0 லிட்டர் ஆக்சியாவுக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3 லிட்டர் பெசாவுக்கு 70 வெள்ளி.

கிரேன்ட் யார் பெயரில்?

டீசல் விலை உயர்ந்தபோது, ‘பூடி மடானி’ திட்டத்தின் கீழ் தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி உதவி அறிவிக்கப்பட்டது. மேற்கண்ட கணக்கில் இந்த உதவியைக் கழித்தால் வித்தியாசம் 51 வெள்ளியாகச் சுருங்கிவிடும்.

வாகனத்துக்கான உதவியைப் பெற, வண்டி விண்ணப்பிப்பவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அண்ணன் பெயரிலோ, விற்றவர் பெயரிலோ கிடக்கும் வண்டிக்கு அது கிடைக்காது. விற்பவரும் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. பின்னால் வரும் சம்மன்கள் அவர் பெயருக்கே வரும்.

சுமை எத்தனை நாள்?

முற்றிய மரத்தின் குலை ஒன்று 20 கிலோ என்றால், 40 குலை 800 கிலோ. இதைக் காரில் ஏற்ற முடியாது. மழைக்காலத்து மண்சாலையில் தாழ்வான காரின் அடிப்பகுதியும் தட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் குலையோ உரமோ ஏற்றுபவருக்குப் பிக்கப் சம்பாதித்துத் தரும் வண்டி. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஏற்றுபவர், அன்று வாடகைக்கு வண்டி பிடித்துக்கொண்டு மற்ற நாளில் காரில் போவது மலிவு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கோயில் என்று குடும்பத்தோடு போகவும் கார்தான் வசதி. பிக்கப்பின் பின்தட்டில் ஆட்களை ஏற்றுவது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உரமும் குலையும் ஏற்றிய பிக்கப்பில் முதலில் துருப்பிடிப்பது அடிச்சட்டம். பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். பழைய ஹைலக்ஸ் 2.5 டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் எஞ்சினே பாழாகலாம். எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேட்க வேண்டும். இன்ஜெக்டர் பழுதும் பெரிய செலவு வைக்கும்.

காரில் வெள்ளத்தில் மூழ்கிய அடையாளத்தைத் தேட வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். கம்பளத்தைத் தூக்கினால் ஈரவாடை சொல்லிவிடும். எந்த வண்டியானாலும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முடுக்கிப் பார்த்து, நம்பிக்கையான பட்டறைக்காரரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.