ஒருவழிப் பயணச்சீட்டு

ஆகஸ்ட் 9ஆம் தேதி சிலுவையின் புனித தெரேசா பெனடிக்டாவை நினைவுகூருகிறோம். எடித் ஸ்டெயின் என்றால் பலருக்கும் தெரியும். யூதக் குடும்பத்தில் பிறந்து, மெய்யியல் கற்று, திருமுழுக்குப் பெற்று, கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். 1998ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரது அறிவைப் பற்றியும் துறவைப் பற்றியும் பல மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். இன்று அவர் ஏற்றிச் செல்லப்பட்ட இரயிலைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

1942ஆம் ஆண்டு ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. யூதர்கள் நாடுகடத்தப்படுவதைக் கண்டித்து ஹாலந்து ஆயர்கள் எழுதிய மடல் அந்நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க, அடுத்த ஞாயிறு, அதாவது ஆகஸ்ட் 2ஆம் தேதி, யூத இனத்தில் பிறந்த கத்தோலிக்கர்களை நாசிகள் கைது செய்தார்கள். எக்ட் நகரின் கார்மேல் மடத்திலிருந்து எடித்தும் அவருடைய சகோதரி ரோசாவும் இழுத்துச் செல்லப்பட்டனர். ஆகஸ்ட் 7ஆம் தேதி வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து இரயில் கிளம்பியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அதில் இருந்தார்கள். வழியில் ஜெர்மனியின் ஷிஃபர்ஷ்டாட் நிலையத்தில் வண்டி நின்றபோது, பெட்டிக்குள்ளிருந்து கருப்பு உடையணிந்த ஒரு பெண் பேசியதாக அந்நிலைய ஊழியர் பின்னாளில் சாட்சி சொன்னார். தாம் முன்பு ஆசிரியையாக இருந்த ஸ்பையர் நகரத்தாருக்கு வாழ்த்துச் சொல்லும்படியும், தாம் கிழக்கே போவதாகத் தெரிவிக்கும்படியும் அந்தப் பெண் கேட்டுக்கொண்டாராம். இரண்டு நாள் கழித்து அவுஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார்.

ஆயர்கள் பேசாமல் இருந்திருந்தால் இந்தப் புனிதை பிழைத்திருப்பாரே என்று சிலர் சொல்வதுண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கைதுகளுக்கு மடல்தான் சாக்காக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். வெஸ்டர்போர்க்கிலிருந்து அவுஷ்விட்ஸுக்கு முதல் இரயில் ஜூலை 15ஆம் தேதியே போய்விட்டது. மடல் வாசிக்கப்பட்டது அதற்குப் பதினோரு நாள் கழித்து. ஹாலந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஏறத்தாழ 1,07,000 யூதர்களில் திரும்பி வந்தவர்கள் சுமார் 5,000 பேர்தான். மற்ற லட்சம் பேருக்காக எந்த மடல் எழுதப்பட்டது? இரயிலை ஓட வைத்தது ஆயர்களின் வார்த்தை அல்ல.

அப்படியானால் ஓட வைத்தது யார்? இதற்கு இரயில்வே காகிதங்களே பதில் சொல்கின்றன. இப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று கூசாமல் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குக்கூட வந்து சேருகிறது. ஆகவே இந்தக் காகிதங்களை நாமும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

வியன்னாவில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு நாசிகளிடமிருந்து தப்பியோடிய ரவுல் ஹில்பெர்க் என்ற வரலாற்று அறிஞர், ஆண்டுக்கணக்கில் ஜெர்மன் அரசு இரயில்வேயின் ஆவணங்களைத் தேடிப் படித்தார். அவர் கண்டது என்ன? நாடுகடத்தப்பட்ட மனிதர்களுக்கு இரயில்வே டிக்கெட் கட்டணம் வசூலித்திருக்கிறது! ஏற்றியது சரக்குப் பெட்டியில். கணக்கிட்டது மூன்றாம் வகுப்புப் பயணிக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 பென்னிக். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரைக் கட்டணம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இலவசம். 400 பேருக்கு மேல் சேர்ந்து போனால் குழுச் சலுகை. யூதர்களுக்குப் போவதற்கு மட்டும் கட்டணம். காவலர்களுக்குப் போகவர இரண்டுக்கும். கைக்குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை என்று விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த எழுத்தர், அந்தக் குழந்தை எங்கே போகிறது என்று கேட்டிருப்பாரா?

1985ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷோவா' என்ற ஆவணப் படத்தில் ஹில்பெர்க் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குகிறார். அது 1942ஆம் ஆண்டின் 587ஆம் எண் கால அட்டவணை உத்தரவு. ட்ரெப்லிங்காவுக்கு வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் காலியாகத் திரும்ப வேண்டும் என்று நிமிடக் கணக்கில் அதில் குறித்திருக்கிறார்கள். நிரம்பிப் போகிறது, காலியாக வருகிறது, அடுத்த ஊரில் மறுபடியும் நிரம்புகிறது. அந்தத் தாளில் 'இரகசியம்' என்ற முத்திரைகூட இல்லை. 'அலுவல் உபயோகத்திற்கு மட்டும்' என்றே இருக்கிறது. வழக்கமான இரயில்வே வேலையாகவே அது நடந்திருக்கிறது.

மேலிடத்திலும் தெரியும். போக்குவரத்து அமைச்சகத்தின் செயலர் ஆல்பர்ட் கான்சன்முல்லர், 1942 ஜூலை 28 அன்று ஹிம்லரின் உதவியாளர் கார்ல் வோல்ஃபுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜூலை 22 முதல் நாள்தோறும் 5,000 யூதர்களோடு ஓர் இரயில் வார்சாவிலிருந்து ட்ரெப்லிங்காவுக்குப் போகிறது, வாரம் இருமுறை பிரெமிஷிலிலிருந்து பெல்செக்குக்கு இன்னொன்று போகிறது என்பது செய்தி. வோல்ஃப் மகிழ்ச்சி தெரிவித்துப் பதில் போட்டார்.

இனி ட்ரெப்லிங்கா நிலையத்திற்கே போவோம். சிற்றூர் நிலையம் அது. அங்கே பிரான்சிஷெக் சொம்பெட்ஸ்கி என்ற போலந்துக்காரர் இரயில் போக்குவரத்தைக் கவனிக்கும் பணியில் இருந்தார். ஜெர்மன் இராணுவ வண்டிகளை உளவு பார்ப்பதற்காகத் தலைமறைவு இயக்கம் அவரை அங்கே அமர்த்தியிருந்தது. வார்சாவிலிருந்து 'குடியேறுவோர்' வண்டிகள் வரப்போவதாக ஒருநாள் தந்தி வந்தது. மறுநாள் வந்த வண்டியைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அறுபது பெட்டிகள் கொண்ட வண்டியை முகாமின் தடம் ஒரே தடவையில் ஏற்காது. இருபது இருபதாகப் பிரித்துத் தள்ளினார்கள். மற்றப் பெட்டிகள் நிலையத்திலேயே கோடை வெயிலில் காத்து நின்றன, தண்ணீர் கேட்டுக் கதறும் மனிதர்களோடு. பெட்டிகளின் மேல் சாக்கட்டியால் ஆள் எண்ணிக்கை எழுதியிருக்கும். சொம்பெட்ஸ்கி அதைக் குறித்துக்கொண்டே வந்தார். இலட்சக்கணக்கானோர் வந்து 'குடியேறிய' இடத்திற்கு உணவு வண்டிகள் வந்தாக வேண்டுமே? வரவில்லை. வெளியே போனவை காலிப் பெட்டிகளும், துணிமணிகள் ஏற்றிய பெட்டிகளும். போரின் முடிவில் சில சரக்குச் சீட்டுகளை அவர் எடுத்துப் பத்திரப்படுத்தினார். முகாமின் தளபதி பிரான்ஸ் ஷ்டாங்கல்மீது டுசல்டார்ஃபில் வழக்கு நடந்தபோது சாட்சிக் கூண்டில் நின்றார். 1970ஆம் ஆண்டு ஷ்டாங்கலுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொரு சான்று. 1943 ஜனவரி 11 அன்று லூப்லினிலிருந்து ஹெர்மான் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். அதிகாரி அனுப்பிய தந்திச் செய்தியை பிரித்தானியர் இடைமறித்து எடுத்தார்கள். முகாம்களின் பெயர் கிடையாது, முதல் எழுத்துகள் மட்டும்தான். பொருள் விளங்காமல் அந்தத் தாள் இலண்டன் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தது. 2000ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. 1942 முடிய பெல்செக் 4,34,508, சொபிபோர் 1,01,370, லூப்லின் 24,733, ட்ரெப்லிங்கா 71,355. மொத்தம் 12,74,166 என்று போட்டிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சரிவரவில்லை. ட்ரெப்லிங்காவின் எண்ணில் ஒரு 5 விடுபட்டிருக்கிறது. 7,13,555 என்று திருத்தினால் ஓர் ஆள் பிசகாமல் கணக்கு நேராகிறது. நாசிகளின் புள்ளியியலாளர் கோர்ஹெர் ஹிம்லருக்குத் தயாரித்த அறிக்கையிலும் அதே 12,74,166 இருக்கிறது. பிற்காலத்தில் ஒருவர் பொய்யாகப் புனைந்த தாள் என்றால், கூட்டல் தவறும்படியா புனைவார்?

கான்சன்முல்லருக்கு என்ன ஆயிற்று? போருக்குப் பின் அர்ஜென்டினாவுக்குப் போய், 1955இல் ஜெர்மனிக்குத் திரும்பி, ஒரு நிறுவனத்தில் போக்குவரத்து வேலை பார்த்தார். 1973இல் வழக்குத் தொடங்கியது. அவருக்கு மாரடைப்பு வரவே விசாரணை நின்றுபோனது. 1996 வரை வாழ்ந்தார்.

இந்த வண்டிகளை யாரும் நிறுத்த முடியாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1943 ஏப்ரல் 19 இரவு, பெல்ஜியத்தின் மெக்கலனிலிருந்து 1,631 பேரோடு கிளம்பிய இருபதாவது இரயிலை மூன்று இளைஞர்கள் நிறுத்தினார்கள். யூரா லிவ்ஷிட்ஸ், ராபர்ட் மெஸ்திரியோ, ஜான் பிராங்கிளமன். கையில் ஒரே ஒரு துப்பாக்கி, சிவப்புத் தாள் சுற்றிய ஓர் அரிக்கேன் விளக்கு. அபாய விளக்கு என்று நினைத்து ஓட்டுநர் பிரேக் போட்டார். ஒரு பெட்டியின் கதவைத் திறந்து பதினேழு பேரை வெளியேற்றினார்கள். அன்றிரவு மற்றப் பெட்டிகளிலிருந்தும் ஆட்கள் குதித்தார்கள். அந்த வண்டியிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் குதித்தனர். லிவ்ஷிட்ஸை 1944இல் ஜெர்மானியர் சுட்டுக் கொன்றனர்.

குதித்தவர்களில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், சீமோன் குரோனோவ்ஸ்கி. அவன் தாய் அவனைப் பிடித்து மெல்லப் படியில் இறக்கிவிட்டார். அவர் குதிக்கவில்லை, அவுஷ்விட்ஸில் மாண்டார். சிறுவன் இரவெல்லாம் நடந்து, விடிந்ததும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். அந்த வீட்டார் அவனை ஊர்க் காவலர் யான் ஆர்ட்ஸிடம் ஒப்படைத்தார்கள். பையன் எங்கிருந்து வருகிறான் என்பது காவலருக்குப் புரிந்துவிட்டது. காட்டிக்கொடுக்கவில்லை. அவருடைய மனைவி அவனுக்குச் சாப்பாடு போட்டார். அன்றே அவர்களின் உதவியோடு சிறுவன் பிரசெல்ஸ் போகும் இரயிலில் ஏறி, ஒளிந்திருந்த தன் தந்தையிடம் போய்ச் சேர்ந்தான்.