எச்சரிக்கையின் வாயை அடைக்கலாமா?

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையில், பூந்தமல்லியை ஒட்டிக் கரையான்சாவடி, குமணன்சாவடி என்னும் ஊர்கள் உள்ளன. சாவடி என்பது வழிநடப்போர் தங்கி இளைப்பாறும் இடம். களைத்தவன் மேலே செல்லாமல் நின்று ஓய்வெடுக்க வேண்டும் என்பதே அக்காலத்துச் சாலைப் பாதுகாப்பு. அதையும் மீறி இரவில் வண்டி பூட்டியவனுக்கு வேறொரு துணை இருந்தது. பாரம் ஏற்றிய வண்டியில் வண்டிக்காரன் கண்ணயர்ந்து விட்டாலும், பழகிய மாடுகள் தடம் விலகாமல் நடந்து அவனை ஊர் சேர்த்துவிடும்.

மோட்டார் வாகனம் வந்தபோது வேகம் வந்தது. மாட்டின் அறிவு போயிற்று. இயந்திரத்துக்கு வழி தெரியாது. ஓட்டுபவன் ஒரு கணம் கண்மூடினால் அது நேரே எதிர் வண்டியின் மீதோ, சாலையோரத்து மரத்தின் மீதோ சென்று மோதும். இழந்துபோன அந்த அறிவை மீட்க மனிதன் நூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வருகிறான். மாணவ நண்பர்களே, அந்த முயற்சியின் வரலாற்றையும், அதைத் தன் கையாலேயே மனிதன் வீணாக்கிக் கொள்ளும் விந்தையையும் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வந்தது கோடு. 1911-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வேய்ன் மாவட்டச் சாலைக் குழுவைச் சேர்ந்த எட்வர்டு ஹைன்ஸ் என்பவர் சாலையின் நடுவே வெள்ளைக் கோடு இடச் செய்தார். பால் வண்டி ஒன்று வழியெங்கும் ஒழுகவிட்டுச் சென்ற வெண்மையான தடத்தைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பர். 1917-இல் கலிபோர்னியாவில் ஜூன் மெக்கரோல் என்னும் பெண் மருத்துவரும் இதே யோசனையைச் செயலுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால், கோடு கண் விழித்திருப்பவனுக்கு மட்டுமே பயன்படும். ஆகவே, அடுத்து ஒலி வந்தது. 1952-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பெருஞ்சாலை ஒன்றில் ஓரத்தை வரிவரியாக மேடுபள்ளம் ஆக்கினார்கள். சக்கரம் அதன்மேல் ஏறியவுடன் உறுமல் ஒலி எழும்பும். அதனால் அவற்றைப் ‘பாடும் ஓரங்கள்’ என்றே மக்கள் அழைத்தனர்.

மூன்றாவதாக, அந்த ஒலி வாகனத்துக்குள்ளேயே புகுந்தது. 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் கனரக லாரிகளில் தடம் விலகல் எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்டது. முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சிறிய கேமரா சாலைக் கோடுகளை இடைவிடாது பார்த்துக் கொண்டிருக்கும். திரும்பும் விளக்கைப் போடாமல் வாகனம் கோட்டைத் தாண்டினால் கருவி ஒலி எழுப்பும். சில வாகனங்களில் இருக்கை அல்லது ஸ்டியரிங் சக்கரம் அதிரும். விளக்கைப் போட்டுத் திரும்பினால், ‘இவன் அறிந்தே விலகுகிறான்’ என்று கொண்டு அது பேசாமலிருக்கும். மாட்டின் அறிவுக்கு நிகரில்லை எனினும், உறங்குபவனைத் தட்டி எழுப்பும் அளவுக்கு அறிவுதான்.

லாரிகளிலிருந்து கார்களுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் இக்கருவி பரவியது. ஆனால், பல வாகனங்களில் அதன் கூடவே ஒரு பொத்தானும் வந்தது. அதை அழுத்தினால் கருவி வாய்மூடிக் கொள்ளும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வளைகுடா நாட்டில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். விடுமுறையில் கரையான்சாவடி வந்திருந்தபோது இதைப் பற்றி அவரைக் கேட்டேன். “ஐயா, காற்று அடித்தால் மணல் வந்து கோட்டை மூடிவிடும். நான் நேராகத்தான் போவேன். அது கத்திக்கொண்டே இருக்கும். முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டேன்” என்றார். “நல்ல சாலைக்கு வந்தபின் மறுபடி போடுவதுண்டா, தம்பி?” என்றேன். அவர் சற்று யோசித்து, “இல்லை, ஐயா” என்றார். நிறுத்தியதற்கு அவரிடம் காரணம் இருந்தது. மீண்டும் போடாததற்கு அவரிடம் காரணம் ஒன்றும் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையிலேதான் ஆபத்து குடியிருக்கிறது.

அவர் தனியாக இல்லை. 2016-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம், பழுதுபார்க்க வந்த ஒரு தயாரிப்பாளரின் கார்களைச் சோதித்தது. மூன்றில் ஒரு பங்கு கார்களில்தான் இக்கருவி இயங்கும் நிலையில் இருந்தது. அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இக்கருவி தடம் விலகுவதால் நேரும் விபத்துகளை நூற்றுக்கு 11 அளவும், அவற்றுள் காயம் விளைவிப்பவற்றை நூற்றுக்கு 21 அளவும் குறைத்தது.

இந்தப் பழக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. 1831-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ‘சார்ல்ஸ்டனின் உற்ற நண்பன்’ என்னும் பெயருடைய நீராவி இஞ்சின் ஓடிக் கொண்டிருந்தது. கொதிகலனில் அழுத்தம் மிகும்போது நீராவியை வெளிவிட ஒரு காப்பு வால்வு இருந்தது. அதிலிருந்து எழுந்த சீறல் தீ வளர்ப்பவருக்கு எரிச்சல் மூட்டியதாம். ஜூன் 17-ஆம் நாள் அவர் அந்த வால்வை எழாதபடி அடைத்துவிட்டார். ஒலி நின்றது, அழுத்தம் நிற்கவில்லை. கொதிகலன் வெடித்து அவர் உயிரிழந்தார். அதன் பின்னர் அந்த ரயில் கம்பெனியார், இஞ்சினுக்கும் பயணிகள் வண்டிகளுக்கும் நடுவே பஞ்சுப் பொதிகள் ஏற்றிய வண்டி ஒன்றைத் தடுப்பாகக் கோத்து ஓட்டினார்கள்.

எச்சரிக்கையை மக்கள்மீது வலிந்து சுமத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1974-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், முன் இருக்கையில் இருப்போர் இருக்கைப் பட்டை அணியாவிட்டால் இஞ்சினே கிளம்பாதபடி செய்யவேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது. மளிகைப் பையை இருக்கையில் வைத்தாலும் அதற்கும் பட்டை கட்ட வேண்டியதாயிற்று. மக்கள் வெகுண்டனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்த விதியைச் சட்டம் இயற்றி நீக்கினார்கள். அத்துடன், நினைவூட்டும் ஒலியை எட்டு வினாடிக்கு மேல் அரசு கட்டாயமாக்கக் கூடாது என்றும் வரையறுத்தனர்.

நம் நாட்டுக் கதையோ இன்னும் வேடிக்கையானது, துன்பமானதும்கூட. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் இருக்கைப் பட்டையை நினைவூட்டும் ஒலி கட்டாயமாயிற்று. உடனே சந்தையில் ஒரு சிறு உலோகக் கொக்கி தோன்றியது. பட்டையைச் செருகும் இடத்தில் அதைச் செருகிவிட்டால், பட்டை அணிந்ததாகக் கார் ஏமாந்து வாய்மூடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு அந்தக் கொக்கியை விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. அப்போது விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பதிவுகள் 13,118. முந்திய ஆண்டான 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். ஒரு பக்கம் இந்த எண். மற்றொரு பக்கம், எச்சரிக்கையை ஊமையாக்கக் காசு கொடுத்து வாங்கும் கொக்கி!

இதையெல்லாம் கேட்டபின், குற்றம் முழுவதும் ஓட்டுபவனுடையதே என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அது நியாயமாகாது. “புலி வருது, புலி வருது” என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அக்கதையில் ஊராரை நாம் பழிப்பதில்லை. பொய்யாய்க் கூவியவனையே பழிக்கிறோம். இயந்திரம் பொய்யாகக் கூவினாலும் அதே நீதிதான்.

கரையான்சாவடிச் சாலையையே எடுத்துக் கொள்ளுங்கள். பேருந்தும் லாரியும் ஷேர் ஆட்டோவும் இருசக்கர வண்டியும் தோளோடு தோள் உரசிச் செல்லும் சாலை அது. மெட்ரோ ரயில் பணிக்காகத் தடுப்புகளை நிறுத்தி வழியை மாற்றிய இடங்களில் பழைய கோடு ஒரு பக்கம், போக்குவரத்து மற்றொரு பக்கம் என்றாகும். பல சாலைகளில் கோடு தேய்ந்து மறைந்தே விடுகிறது. இத்தகைய இடத்தில் கேமரா எதைப் பார்த்து உண்மை சொல்லும்? ஆகவே, சாலையில் கோட்டைப் புதுப்பிக்காதவரும், வேண்டாத நேரத்தில் கத்தும் கருவியைச் செய்தவரும், ஓட்டுபவனோடு சேர்ந்து அந்தப் பொத்தானில் விரல் வைத்தவர்களே.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்த வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கன்றை இழந்த பசு அம்மணியை அடித்தது. அந்த ஒலி அரசனுக்கு இனிமையாகவா இருந்திருக்கும்? மணி ஒலித்தால் எழுந்து வந்து, ஒலித்ததற்குக் காரணம் என்ன என்று கேட்பதே அவன் கொண்ட முறை. மணியின் நாவைக் கழற்றியிருந்தால் அரண்மனை அமைதியாக இருந்திருக்கும். நீதி மட்டும் செத்திருக்கும்.

இக்காலச் சட்டங்களும் இந்த வழியை மெல்லக் கற்று வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய வகைக் கார்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும், தடம் விலகாமல் காக்கும் கருவி கட்டாயம். ஓட்டுநர் அதை நிறுத்திக் கொள்ளலாம். ஆனால், ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அது தானே உயிர்பெற்று விடும். மனிதனின் உரிமையையும் மதித்து, அவனது மறதிக்கும் மருந்து வைத்த ஏற்பாடு இது. என் மாணவருக்கு வேண்டியிருந்ததும் இதுவே.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை பொறியாளராகி இத்தகைய கருவிகளை அமைப்பீர்கள். சிலர் சாலைத் துறையில் கோடு இடுவிப்பீர்கள். பெரும்பாலோர் வண்டி ஓட்டுவீர்கள். கருவி செய்பவர் அது காரணமின்றி ஒலிக்காதபடி செய்க. கோடு இடுவிப்பவர் அது தேயுமுன் புதுப்பிக்க. ஓட்டுபவர், ஒலியை நிறுத்த விரல் நீளும்போது, இது பொய்யாகக் கத்துகிறதா, அல்லது எனக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்கிறதா என்று ஒரு நொடி தம்மையே கேட்டுக் கொள்க. பொய்யென்றே கண்டு நிறுத்த நேர்ந்தாலும், நல்ல சாலை வந்தவுடன் மறவாமல் மீண்டும் போட்டுவிடுக. இரவு முழுவதும் விழித்துக் காய்கறி ஏற்றி வரும் ஓட்டுநர் ஒருவர் விடியற்காலையில் வீடு திரும்புவது, சில சமயம் அந்த ஒரு சிறு ஒலியைப் பொறுத்தே இருக்கும்.