பேதைமையில் பிறந்த நகை: ழாக் தாத்தியின் கலைவாழ்வு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களங்களுள் எள்ளலையும் பேதைமையையும் தனித்தனியே எண்ணுவார். திரையுலகில் எள்ளலால் சிரிக்கவைத்தோர் பலர்; பேதைமையை முதலாகக் கொண்டோர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் பிரெஞ்சு நடிகரும் இயக்குநருமான ழாக் தாத்தி ஆவார்.

பாரிசை அடுத்த லெ பெக் என்னும் ஊரில் 1907-இல் பிறந்த இவர், இளமையில் படச்சட்டம் செய்யும் குடும்பத் தொழிலைப் பயின்றார். ரக்பி ஆட்டக்காரராகவும் விளங்கினார். விளையாட்டு வீரர்களின் அசைவுகளைச் சொல்லின்றி நடித்துக்காட்டிய திறமே இவரை மேடைக்கும், பின்னர்த் திரைக்கும் கொண்டுசென்றது.

சேந்த் செவேர் என்னும் சிற்றூரில் 1947-இல் எடுத்த 'விழா நாள்' படத்தில் தாத்தி அஞ்சற்காரராக நடித்தார். புதிய வண்ண முறையில் எடுத்த அப்படத்தை அக்காலத்தில் அச்சிட இயலவில்லை. முன்னெச்சரிக்கையாக உடன் எடுத்திருந்த கறுப்பு வெள்ளைப் படியே 1949-இல் வெளிவந்தது.

1953-இல் 'திருவாளர் யூலோவின் விடுமுறை' வாயிலாக யூலோ என்னும் பாத்திரம் பிறந்தது. வாயில் புகைக்குழாய், கணுக்காலுக்கு மேலே நிற்கும் காற்சட்டை, முன்சாய்ந்த நடை. பேச்சோ மிகக் குறைவு. உணவறைக் கதவு எழுப்பும் ஒலியே அப்படத்தில் ஒரு பாத்திரமாகிவிடுகிறது. அடுத்து வந்த 'என் மாமா' (1958) சிறந்த அயல்மொழிப் படத்திற்கான ஆஸ்கார் பரிசினைப் பெற்றது.

புகழின் உச்சியில் நின்ற தாத்தி, தம் உடைமை அனைத்தையும் 'பிளேடைம்' (1967) என்னும் ஒரே படைப்பில் இட்டார். பாரிசின் புறத்தே கண்ணாடியும் எஃகுமாக ஒரு நகரத்தையே எழுப்பி, 70 மி.மீ. சுருளில் எடுத்தார். அண்மைக் காட்சிகளால் எதனையும் சுட்டிக்காட்டாமல், அகன்ற திரையில் காண்போரே தேடிக் கண்டு நகைக்க விட்டார். உணவகத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கிய பின்னும், வாயிற்காவலர் கைப்பிடியை மட்டும் பற்றிக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்து விருந்தினரை வரவேற்கும் காட்சி அதற்கோர் எடுத்துக்காட்டு.

மக்கள் திரளவில்லை, கடன் மிகுந்தது. குடும்ப வீடு விற்கப்பட்டது. தம் படங்களின் உரிமையும் கைவிட்டுப் போயிற்று. யூலோ இறுதியாகத் தோன்றியது 'டிராஃபிக்' (1971) படத்தில். தாத்தி 1982-இல் மறைந்தார்.

காலம் தன் தீர்ப்பைப் பின்னர் வழங்கியது. அவர்தம் மகள் சோஃபியின் முயற்சியால் 'விழா நாள்' 1995-இல் வண்ணத்தில் வெளிவந்தது. பிரித்தானியாவின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022-இல் திறனாய்வாளரிடையே நடத்திய வாக்கெடுப்பில், உலகின் சிறந்த படங்களுள் 'பிளேடைம்' 23-ஆம் இடம் பெற்றது.

உடைந்த கதவின் கைப்பிடியை விடாது பற்றி நின்ற அக்காவலரின் பேதைமை, படைத்தவரிடத்தும் இருந்தது. அப்பேதைமை இன்றேல் அப்படம் இல்லை.