ஒரு நோயாளி, மூன்று மருந்துச்சீட்டு: கூட்டு நோய்களும் தனித்தனி மருத்துவமும்

1897 ஆகஸ்ட் 20 அன்று, இன்றைய ஹைதராபாத்தின் பேகம்பேட்டில், உசேன் கான் என்ற மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார் மருத்துவர் ரொனால்ட் ராஸ். ஒரு நோய், ஒரு கிருமி, ஒரு கடத்தி என்ற சிந்தனைமுறைக்குக் கிடைத்த பெருவெற்றி அது. நம் மருத்துவத் துறைகளும் திட்டங்களும் பெரிதும் அந்த வார்ப்பிலேயே இன்றும் இயங்குகின்றன. சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு அது போதாது என்பதே என் வாதம்.

2016இல் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. புகைபிடித்தவர்கள் மட்டுமல்ல, விறகடுப்பின் முன் ஆயுளைக் கழித்த பெண்களும் காசநோயிலிருந்து மீண்டவர்களும் இதில் உண்டு. இவர்களில் பலருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயநோயும் சேர்ந்தே இருக்கின்றன. மூச்சு வாங்குவதால் நடை குறைகிறது. நடை குறைந்தால் தசை மெலிகிறது, சர்க்கரை கட்டுக்குள் நிற்பதில்லை. நெடுநாள் ஆக்சிஜன் குறைந்தால் இதயத்தின் வலப்பக்கம் தளர்கிறது. அதன்பின் இரைப்பு நுரையீரலிலிருந்து வருகிறதா, இதயத்திலிருந்தா என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம்.

சிகிச்சைகள் ஒன்றோடொன்று மோதுவதுதான் இன்னும் பெரிய சிக்கல். இரைப்பு முற்றும்போது தரும் பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் அரிக்கும். பதினான்கு நாள் தருவதற்குப் பதில் ஐந்து நாளே போதும் என்று 2013இல் ஒரு சுவிஸ் ஆய்வு காட்டியது. நீரிழிவும் உள்ளவருக்கு அந்த ஒன்பது நாள் மிச்சம் பெரிய விஷயம். இதயத்துக்கு அவசியமான பீட்டா பிளாக்கரை நுரையீரலுக்கு அஞ்சி நிறுத்திவிடுவதும் நடக்கிறது. பெரிதும் இதயத்தையே குறிவைக்கும் வகைகளைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத மூதாட்டியால் இன்ஹேலரை அழுத்த முடியாது. கண்புரை இருந்தால் அதில் மீதமுள்ள எண்ணிக்கையைப் படிக்க முடியாது. மருந்து சரி, நோயறிதலும் சரி. ஆனால் மருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேருவதில்லை. இதை எந்தத் துறையின் சீட்டில் எழுதுவது?

2010இல் தொடங்கிய தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் பெயரில் புற்றுநோய், நீரிழிவு, இதயநோய், பக்கவாதம் நான்கும் இருந்தன. நுரையீரல் நோய் பின்னரே அதற்குள் வந்தது. ஹைதராபாத்தில் நெஞ்சுநோய்க்கெனத் தனியாக எர்ரகட்டாவில் அரசு மருத்துவமனை உண்டு. 2007இல் வந்த ஆரோக்கியஸ்ரீ என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைகளுக்கானது. இந்த நோயாளிக்கோ அன்றாடம்தான் போராட்டம்.

ஆகவே, 2018 முதல் குடியிருப்புகளுக்குள் திறக்கப்பட்ட பஸ்தி தவாகானா எனும் சிறு அரசு மருத்துவ நிலையங்களிலேயே தொடங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா மருந்துச்சீட்டுகளையும் ஒரே மேசையில் விரித்து ஒரே மருத்துவர் பார்க்கட்டும். செவிலியர் இன்ஹேலரை நோயாளியின் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லிக் கவனிக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். ஓர் உத்தரவும், ஒரு நோயாளிக்கு இருபது நிமிடமும் ஒதுக்கினால் போதும். அதை ஒதுக்குமாறு தெலங்கானா சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.