மரத்துப் பாசி சொன்னது நம் காதில் விழ 131 வருஷம் ஆச்சு

1/ பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் கல்பாசி போடுவோம் இல்லையா? பேர்தான் பாசி. உண்மையில் அது லைக்கன்: ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துற கூட்டுக் குடித்தனம். மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் இந்த லைக்கன்களுக்கும் நம்ம நுரையீரலுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கு. அந்த வரலாறுதான் இந்த இழை.

2/ லைக்கனுக்கு வேர் கிடையாது. இலைகளுக்கு இருக்கிற மெழுகுப் பூச்சும் கிடையாது. காற்றிலும் மழையிலும் என்ன வருதோ அதை அப்படியே உறிஞ்சிக்கும். நிலக்கரிப் புகையில் உள்ள கந்தக டைஆக்சைடு, பாசியின் பச்சையத்தைச் சிதைக்கும். பாசியால் உணவு தயாரிக்க முடியாது. பூஞ்சை பட்டினி கிடக்கும். இரண்டும் சாகும்.

3/ இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் பருத்தி ஆலைகள் பெருகிய காலம். அங்கே லைக்கன்கள் குறைந்துகொண்டே வருவதை 1859இல் லியோ கிரிண்டன் எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: பழைய மரங்களை வெட்டியது, ஆலைப் புகை.

4/ அடுத்தவர் வில்லியம் நைலாண்டர். பின்லாந்துக்காரர், மருத்துவம் படித்தவர். பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட லைக்கன் வகைகளைப் பார்த்தார். நகரத்தின் மற்ற இடங்களில் அவை அரிதாக இருந்தன. காற்று சுத்தமா இல்லையா என்று லைக்கனை வைத்தே அளக்கலாம் என 1866இல் சொன்னார்.

5/ 1896இல் அவரே இன்னொன்றையும் பதிவு செய்தார்: அந்தப் பூங்காவிலிருந்தும் லைக்கன்கள் மறைந்துவிட்டன. 1926இல் ருட்கர் செர்னாண்டர், ஸ்டாக்ஹோம் நகரின் நடுப்பகுதியை ‘லைக்கன் பாலைவனம்’ என்றே வரைபடத்தில் குறித்தார்.

6/ சரி, மருத்துவ உலகம் என்ன பண்ணிட்டிருந்தது? 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூட்டம் மூடியது. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். அடுத்த வாரங்களிலும் சாவு குறையவில்லை. ஃப்ளூ காய்ச்சல்னு காரணம் சொன்னார்கள். மொத்தம் 12,000 வரை இருக்கலாம் என்பது பிற்கால மதிப்பீடு. 1956இல்தான் தூய காற்றுச் சட்டம் வந்தது.

7/ 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். மரத்தில் எந்த லைக்கன் இருக்கு என்று பார்த்தாலே போதும். கந்தக டைஆக்சைடு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை மதிப்பிடலாம். 10 என்றால் சுத்தமான காற்று.

8/ இப்போ நம்ம துறைக்கு வருவோம். இத்தாலியின் வெனட்டோ பகுதியில் 662 இடங்களில் லைக்கன்களை எண்ணினார்கள். அந்த வரைபடத்தை, இளவயது ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் மரணங்களின் வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். லைக்கன் வகைகள் குறைந்த இடங்களில் சாவு அதிகம். சிஸ்லாகி, நிமிஸ் வெளியிட்ட இந்த ஆய்வு வந்தது 1997இல். நைலாண்டர் சொல்லி 131 வருஷம் கழித்து!

9/ தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. லைக்கன் இல்லாததால் புற்றுநோய் வரலை. இரண்டுக்கும் பின்னால் ஒரே காற்று இருக்கலாம் என்பதே இதன் பொருள். அதோட, வறண்ட ஊர்களில் லைக்கன் இயல்பாகவே குறைவு. சில வகைகள் அம்மோனியா மாசில் செழித்தும் வளரும். அதனால் வாசல் மரத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம்.

10/ ஆனா ஒரு பாடம் இருக்கு. இருமலோட வர்றவரிடம் “சிகரெட் பிடிப்பீங்களா?” என்று கேட்கிறோம். “வீட்டுப் பக்கத்தில் ஆலை, சூளை ஏதாவது இருக்கா?” என்று பல நேரம் கேட்பதில்லை. உங்க டாக்டர் கேட்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க.

11/ கடைசியா ஒரு நல்ல செய்தி. லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் திரும்பி வந்துவிட்டதாக 1991இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. புகையைக் குறைச்சா மரத்துப் பாசியே திரும்பி வருது. போன உயிர்கள்தான் திரும்பாது.