கலிங்கு முதல் டர்போ வரை: மிகை அழுத்தத்தை அடக்கிய வரலாறு

ஏரி கட்டுகிறவன் முதலில் கரையைப் பற்றி எண்ணுவான். ஏரியைக் காக்கிறவன் முதலில் கலிங்கைப் பற்றி எண்ணுவான். மதகு என்பது வயலுக்கு வேண்டிய நீரை விடும் வழி. கலிங்கு என்பது ஏரிக்கு வேண்டாத நீரை விடும் வழி. கொள்ளளவுக்கு மேல் வெள்ளம் வந்தால், அது கரையை உடைக்காமல் தானாகவே வழிந்தோடுமாறு கல்லால் கட்டிய தாழ்ந்த தளமே கலிங்கு. தஞ்சை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கெடாவின் பால்மரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்க்கு இச்சொல் பழக்கமானது. இன்று நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆயினும் அப்பிள்ளைகளுள் சிலர் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் மல்லாடுவது ஒரு கலிங்கோடுதான். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். கூலிம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. பழைய கன்சில் கார் ஒன்றை வாங்கி, ஜப்பானிலிருந்து வந்த பழைய டர்போ இயந்திரத்தை அதில் பொருத்தியிருந்தார். பிறகு புகைக்குழாயைப் பெரிதாக மாற்றினார். அன்று முதல் அழுத்தமானியின் முள் தான் வைத்த எல்லையில் நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் இயந்திரம் திடீரென்று அடங்கி இழுத்தது. பட்டறை ஒன்றில் ஒரு சிறு மின்கருவியை மாட்டி அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். கார் பறந்தது. இரண்டே வாரத்தில் பிஸ்டன் உருகிற்று. எட்டு மாதச் சேமிப்பு அத்தோடு போயிற்று. "சார், பூஸ்ட ஏத்தத்தான் எல்லாரும் சொல்லித் தர்றாங்க. அடக்க யாரு சொல்லித் தந்தா?" என்று அவர் கேட்டார். அறிவியல் கற்பிக்கிற என்னிடம் அவ்வினா தைத்தது. விடை தேடிப் போனபோது, அது முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறாக விரிந்தது.

கலிங்கின்மேல் மண் அணைத்த கதை

முதலில் ஏரிக்கே திரும்புவோம். நம் பழைய கலிங்குகளின் உச்சியில் இடைவெளி விட்டு நிறுத்திய கற்களைக் காணலாம். மழைக்காலம் முடியும் தறுவாயில், இன்னும் சற்று நீரைத் தேக்கிக்கொள்ள விரும்பும் உழவர், அக்கற்களுக்கிடையே பலகையும் புல்லும் மண்ணும் வைத்து அடைப்பர். நீர்மட்டம் ஓரிரு அடி உயரும். கோடைப் பயிருக்கு அது உதவும். அளவறிந்து செய்தால் இது நல்ல சூழ்ச்சியே. ஆனால் அடைப்பை எடுக்குமுன் இரவில் பெருமழை பிடித்துக்கொண்டால் நீருக்குப் போக்கிடம் இல்லை, கரை உடையும். நீர்க்கட்டியின் பொறுப்பு கனமானது இதனால்தான். அடைத்தவனுக்குக் கிடைப்பது ஒரு வயலின் நீர். உடைந்தால் போவது ஊரின் ஏரி.

இன்னும் வேண்டும் என்ற விருப்பம், அதற்காகப் போக்குவழியை அடைத்தல், அதன் பின் உடைப்பு ஆகிய மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்வோம். இனி வரும் கதையெல்லாம் இதே வடிவில்தான் நிகழ்கிறது.

நீராவி தந்த பாடம்

பிரெஞ்சு நாட்டில் பிறந்த டெனிஸ் பாப்பின் 1679 ஆம் ஆண்டில் லண்டனில், மூடிய கலத்தில் நீராவியின் அழுத்தத்தால் எலும்பையும் மென்மையாக்கும் சமையற்கலம் ஒன்றைச் செய்தார். நம் அடுப்பங்கரையிலுள்ள பிரஷர் குக்கரின் முன்னோடி அதுவே. கலம் வெடித்துவிடாதிருக்க, எடை தொங்கும் நெம்புகோலால் அழுத்தி வைத்த ஒரு சிறு வால்வை அதன் மூடியில் அமைத்தார். நீராவியின் அழுத்தம் எடையை வென்றதும் வால்வு தூக்கிக்கொள்ளும், மிகுதி வெளியேறும், அழுத்தம் குறைந்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும். காப்பு வால்வின் பிறப்பு இதுதான்.

ஜேம்ஸ் வாட் உயர் அழுத்த நீராவியை நம்பவில்லை; தாழ்ந்த அழுத்தத்திலேயே பொறிகளை நடத்தினார். கார்ன்வாலைச் சேர்ந்த ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவர்தாம் துணிந்து அழுத்தத்தை உயர்த்தினார். 1803 ஆம் ஆண்டில் கிரீனிச்சில் அவருடைய பொறி ஒன்று வெடித்து உயிர்கள் போயின. பொறியமைப்பில் குற்றமில்லை, கையாண்டவர் கவனக்குறைவே காரணம் என்று டிரெவிதிக் கருதினார். ஆயினும் அவர் அந்த எண்ணத்தோடு நின்றுவிடவில்லை என்பதே அவர் பெருமை. அதன்பின் தம் கொதிகலன்களில் இரண்டு காப்பு வால்வுகளை வைத்தார். அவற்றுள் ஒன்றைமட்டுமே பொறியாளி திருத்த முடியும். மற்றொன்று அவர் கைக்கு எட்டாது. மேலும், நீர் வற்றிச் சூடு மிகுந்தால் தானே உருகி நீராவியை விடுவிக்கும் ஈயச் செருகியையும் சேர்த்தார்.

அந்த இரண்டாவது வால்வு வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம். அழுத்தத்தை விரும்புகிறவன் கையில் அதன் கடைசி எல்லை இருக்கலாகாது என்ற நெறி அதில் பிறந்தது. அமெரிக்க ஆறுகளில் நீராவிக் கப்பல்கள் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்டபோது, காப்பு வால்வின்மேல் கூடுதல் எடையைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. வெடிவிபத்துகள் பெருகின. 1852 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், ஒரு காப்பு வால்வு கப்பலைச் செலுத்துவோர் எவர் கைக்கும் எட்டாதிருக்க வேண்டும் என்று விதித்தது. அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்பவர், ஓட்டுநர் இறுக்கிக் கட்ட முடியாத வில்சுருள் வால்வை ரயில் இயந்திரங்களுக்கு வகுத்தார்.

நம் நாட்டிலும் இவ்வரலாறு உண்டு. சிலாங்கூரில் 1892 ஆம் ஆண்டிலேயே கொதிகலன் சட்டம் வந்துவிட்டது. கெடாவில் 1915 இல் ரயில்பாதை அலோர்ஸ்டாரை எட்டியது. சுங்கை பட்டாணி, பீடோங், குருண் நிலையங்களில் நின்ற நீராவி வண்டிகள் 'புஸ்' என்று வெள்ளைப் புகை விட்டதைக் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். வண்டி களைத்துப் பெருமூச்சு விடுகிறது என்று பிள்ளைகள் எண்ணினர். பல வேளைகளில் அது காப்பு வால்வு தன் கடமையைச் செய்த ஒலி.

புகையே காற்றை ஊட்டும் பொறி

இனிக் காருக்கு வருவோம். பெட்ரோல் எரிந்தபின் வெளியேறும் சூடான புகையில் ஆற்றல் மிகுந்துள்ளது. சுவிட்சர்லாந்துப் பொறியியலார் ஆல்பிரெட் பியூகி 1905 ஆம் ஆண்டில் அவ்வாற்றலைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்தும். இதுவே டர்போ. காற்று மிகுந்தால் மிகுதியான எரிபொருளை எரிக்கலாம், வலிமை கூடும். 1918 இல் சான்போர்டு மாஸ் என்பவர் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், 14,000 அடி உயரத்தில், விமான இயந்திரம் ஒன்றை வைத்துச் சோதித்தார். காற்று மெலிந்த அவ்வுயரத்திலும் டர்போ அதன் வலிமையைத் தரைமட்ட அளவுக்கு மீட்டுத் தந்தது.

ஆனால் இப்பொறியில் ஓர் ஆபத்தான சுழல் ஒளிந்திருக்கிறது. காற்று மிகுந்தால் புகை மிகும். புகை மிகுந்தால் சக்கரம் விரையும். சக்கரம் விரைந்தால் காற்று இன்னும் மிகும். எங்கேயாவது இச்சுழலை அறுக்காவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சூடேறி நெருங்கிய காற்றும் எரிபொருளும், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்னரே, தாமாகவே வெடித்து எரியும். அதைத்தான் பட்டறையில் 'நாக்' அடிக்கிறது என்கிறார்கள். பிஸ்டனை உடைப்பதும் உருக்குவதும் அதுவே.

சுழலை அறுப்பதற்கு வந்ததே வேஸ்ட்கேட் என்னும் கதவு. புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தின் பக்கம் விடாமல் பக்கவழியே போக்கிவிடுவது அதன் வேலை. அழுத்திய காற்று ஒரு சிறு ரப்பர்க் குழாய்வழிச் சென்று ஒரு சவ்வைத் தள்ளும். சவ்வுக்கு எதிராக ஒரு வில்சுருள் நிற்கும். காற்றின் அழுத்தம் வில்லை வென்றதும் கதவு திறக்கும். பாப்பினின் எடைக்கல்லுக்குப் பதில் இங்கே வில்சுருள், அவ்வளவே வேறுபாடு. மிகுதிக்கு வழிவிட்டு முழுமையைக் காப்பதால் இதனைக் கலிங்கு என்று தமிழில் வழங்கினால் பொருள் சிறிதும் சிதையாது.

1962 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் காரில் இக்கலிங்கு இருந்தது. 1970களின் இறுதியில் சுவீடனின் சாப் நிறுவனம், சிறிய டர்போவையும் வேஸ்ட்கேட்டையும் இணைத்து அன்றாடக் காருக்கு ஏற்றதாக்கியது. 1980களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் 'நாக்' ஒலியைக் கேட்டுணர்ந்து தானே அழுத்தத்தைக் குறைக்கும் மின்னமைப்பையும் சேர்த்தது.

பந்தயத் திடலில் டிரெவிதிக்கின் நெறி மீண்டும் உயிர்பெற்றது. 1977 இல் ரெனோல்ட் நிறுவனம் பார்முலா 1 பந்தயத்துக்கு டர்போவைக் கொண்டுவந்தது. பத்தாண்டுக்குள் வலிமை எல்லை மீறிற்று. 1987 இல் ஆட்சிக் கழகம் 4 பார் அழுத்தத்தில் திறந்துகொள்ளும் வால்வைத் தானே அணிகளுக்கு வழங்கியது. 1988 இல் அவ்வெல்லை 2.5 பாராகக் குறைந்தது. 1989 இல் டர்போவே விலக்கப்பட்டது. எல்லை குறைந்ததால் திறமை குறையவில்லை. 1988 இன் 16 பந்தயங்களில் 15 ஐ ஹோண்டா டர்போ பொருத்திய மெக்லாரன் கார்களே வென்றன. நம் நாட்டவரான கரம்ஜித் சிங் 2002 இல் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலிப் பட்டத்தின் ஒரு பிரிவை வென்றதும், டர்போவுக்குள் புகும் காற்றை விதிப்படி அளவிட்டு விடும் வளையத்தோடுதான்.

புகைக்குழாய் பெரிதானால் முள் ஏறுவது ஏன்?

இப்போது என் மாணவருக்கு விடை சொல்லலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த கலிங்கின் துளை, தொழிற்சாலை வைத்த புகைக்குழாய்க்கு ஏற்ற அளவுடையது. குழாயைப் பெரிதாக்கியபோது தடை குறைந்து வெள்ளம் பெருகிற்று. துளையோ பழைய அளவிலேயே நின்றது. கதவு முழுவதும் திறந்த பின்னும் மிகுதி போகவில்லை. ஏரியின் வரத்துக் கால்வாயை அகலப்படுத்திவிட்டுக் கலிங்கை அப்படியே விட்டதற்கு இது ஒப்பு.

ஆகவே, முள் எல்லை மீறினால் முதலில் காண வேண்டியது அந்தச் சிறு ரப்பர்க் குழாய். அது கிழிந்தாலோ கழன்றாலோ சவ்வுக்குச் செய்தியே போகாது, கதவு திறவாது. அடுத்து, கதவின் கை துருப்பிடித்துச் சிக்காமல் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, பூஸ்டைக் கூட்டும் கருவியை அறவே கழற்றிவிட்டு, வில்சுருளின் அளவில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் சரியாயிருந்தும் வேகம் கூடக் கூட முள் மெல்ல ஏறுமானால் துளை போதாது என்பது உறுதி. துளையைப் பெரிதாக்க வேண்டும். அல்லது பெரிய வேஸ்ட்கேட்டைத் தனியே பொருத்த வேண்டும். காலை எடுக்கும்போது 'புஸ்' என்று ஒலிக்கும் புளோ-ஆப் வால்வை மாட்டினால் எல்லாம் சரியாகும் என்று இளைஞர் பலர் நம்புகின்றனர். அது வேறு பணிக்குரியது. முடுக்கியை விட்டதும் குழாயில் தேங்கும் காற்றைமட்டுமே அது விடும். ஓடும்போது ஏறும் அழுத்தத்தை அடக்காது.

என் மாணவரின் கார் திடீரென்று அடங்கியதே, அது பழுதன்று. அழுத்தம் எல்லை கடந்ததும் எரிபொருளை நிறுத்திவிடும் கடைசிக் காவல் அது. டிரெவிதிக்கின் இரண்டாவது வால்வு என்றே அதைச் சொல்லலாம். பட்டறையில் மாட்டிய மின்கருவி, உண்மை அழுத்தத்தை மறைத்துப் பொய்யளவைக் கணினிக்குச் சொல்லி அக்காவலை ஏமாற்றிற்று. நோய் துளையில் இருக்க, மருந்து காவலாளியின் கண்ணைக் கட்டுவதாயிற்று. மிசிசிப்பிக் கப்பலில் வால்வின்மேல் எடை தொங்கவிட்டவனும் இதைத்தான் செய்தான். கலிங்கின்மேல் மண் அணைத்துவிட்டு உறங்கப் போனவனும் இதைத்தான் செய்தான்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஒருகாலத்தில் பால்மரமே வாழ்வாக இருந்த கூலிமில் இன்று பி.எம்.டபிள்யூ. முதலிய டர்போ கார்கள் பொருத்தப்படுகின்றன. 2022 முதல் போர்ஷே கயேன் காரும் அங்கே உருவாகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தொழிலுக்குள் நுழையும் வாயில் தொலைவில் இல்லை. இரவில் காரைப் பிரித்துப் பூட்டும் இளைஞரை ஊதாரி என்று ஏசிவிட்டு நகர்வது எளிது. அவர்களிடம் ஆர்வம் இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது. இல்லாதது, ஏன் என்று கேட்கும் பழக்கம். அதைத் தராதது நம் குறை. முறையாகப் படித்தால் அதே கைகள் பொறியியல் கூடங்களில் ஊதியம் பெறும். படியாவிட்டால் எட்டு மாதச் சேமிப்பு மட்டுமா, சாலையில் உயிரும் போகும்.

பயிற்சி ஆசிரியர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். அழுத்தம் பற்றிய பாடத்துக்கு ஒரு பிரஷர் குக்கரை, அடுப்பேற்றாமல், வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். மூடியின் நடுவிலுள்ள எடையைக் காட்டுங்கள். அது பாப்பினின் வால்வு. அருகிலுள்ள சிறு செருகியைக் காட்டுங்கள். அது டிரெவிதிக்கின் ஈயம். பிறகு கரும்பலகையில் ஓர் ஏரி வரைந்து, கலிங்கைக் காட்டி, அதன்மேல் மண் அணைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பிள்ளைகளே விடை சொல்வர். அவ்விடையோடு வளரும் பிள்ளை, நாளை தன் காரின் முன்மூடியைத் திறக்கும்போது, "இன்னும் எவ்வளவு ஏற்றலாம்?" என்று கேட்குமுன், "மிகுதி எவ்வழியே போகும்?" என்று கேட்பான்.

அந்த மாணவர் பின்னர் வேறோர் இயந்திரம் வாங்கினார். இம்முறை முதலில் பெரிய வேஸ்ட்கேட் பொருத்தினார். சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியையும் பெற்றார். சென்ற தீபாவளிக்கு வந்தபோது என்னையும் ஒரு சுற்று அழைத்துச் சென்றார். முள் தன் எல்லையில் போய் நின்றது, அசையவில்லை. "கலிங்கு வழியுது சார்" என்றார்.