கடன் மாற்ற அறிவிப்பு

வணிகர் ஒருவர் தமக்கு வரவேண்டிய பாக்கியை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால், அதைக் கடனாளிக்கு முறைப்படி தெரிவிப்பது கடன் மாற்ற அறிவிப்பு. பணத்தை இனி யாரிடம் கட்டினால் கணக்குத் தீரும் என்பதை இதுவே முடிவு செய்கிறது.

பழைய ரோமானியச் சட்டத்தில் கடன் இருவரை மட்டும் பிணைக்கும் கட்டு. அதை மூன்றாமவருக்கு நேரடியாக மாற்ற இயலாது. பிரான்சின் 1804ஆம் ஆண்டுச் சிவில் சட்டத் தொகுப்பு, மாற்றத்தைக் கடனாளிக்கு முறையாகச் சார்வு செய்ய வேண்டும் என்றது.

இங்கிலாந்தில் இதன் வரலாறு ஒரு வழக்கைச் சுற்றியே பின்னப்பட்டுள்ளது. சக்கரியா பிரவுன் என்பவருக்குத் தந்தையின் உயில்படி ஆண்டுக்குச் சுமார் 93 பவுன் வந்துகொண்டிருந்தது. பணமுடையில் அவர் 1808இல் அந்த வருமானத்தை டியர்ல் என்பவருக்கும், 1809இல் ஷெரிங் என்பவருக்கும் ஈடாக எழுதிக் கொடுத்தார். இருவருமே உயிலை நிறைவேற்றுபவர்களுக்குத் தகவல் சொல்லவில்லை. பிறகு அதே வருமானத்தை ஹால் என்பவருக்கு விற்க முன்வந்தார் பிரவுன். ஹாலின் வழக்கறிஞர் முதலில் உயில் நிறைவேற்றுபவர்களிடம் போய் விசாரித்தார். வில்லங்கம் ஏதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1812இல் ஹால் வாங்கினார், உடனே அறிவிப்பும் கொடுத்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியபோது, 1823இலும் மேல்முறையீட்டில் 1828இலும், கடைசியாக வந்த ஹாலே வென்றார்.

தீர்ப்பின் அடிப்படை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. விசாரித்து வாங்கியவரின் கவனத்துக்குக் கிடைத்த பலன் என்பர் சிலர். முந்தைய இருவரின் அசட்டைக்கு நேர்ந்த விளைவு என்பர் வேறு சிலர். முதலில் அறிவிப்புக் கொடுத்தவருக்கே முன்னுரிமை என்று, உயில்வழி வருமானம் பற்றிப் பிறந்த இந்த விதி பின்னர் வணிகக் கடன்களுக்கும் பரவியது. 1873ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டம், மாற்றமும் அறிவிப்பும் எழுத்தில் இருந்தால் கடனை மாற்றிப் பெற்றவர் தம் பெயரிலேயே வழக்குத் தொடரலாம் என்றது.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் அதன் 1900ஆம் ஆண்டுத் திருத்தமும் இதை வகுத்தன. 130ஆம் பிரிவின்படி, மாற்றப் பத்திரம் கையெழுத்தானதுமே கடன் கைமாறிவிடும். ஆனால் மாற்றத்தை அறியாத கடனாளி பழையவரிடமே பணத்தைக் கட்டிவிட்டால் அது செல்லும். புதியவர் அவர்மீது வழக்குப் போட முடியாது. இதைச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குவது அழகு. 132ஆம் பிரிவு, கடனை மாற்றிக் கொடுத்தவரிடம் கடனாளி எழுப்பியிருக்கக்கூடிய ஆட்சேபங்கள் மாற்றிப் பெற்றவரையும் கட்டுப்படுத்தும் என்கிறது.

விற்பனை பில்களை வாங்கிப் பணம் தரும் ஃபேக்டரிங் தொழிலுக்கென 2011ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் ஒன்று உண்டு, அது 2021இல் திருத்தப்பட்டது. அதிலும் கடனாளிக்கு அறிவிப்புப் போகாமல் ஃபேக்டரிங் நிறுவனம் அவரிடம் பணம் கேட்க உரிமையில்லை.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 131ஆம் பிரிவின்படி, அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். கடனை மாற்றியவரோ அவருடைய முகவரோ, அவர் மறுத்தால் மாற்றிப் பெற்றவரோ, கையெழுத்திட வேண்டும். மாற்றிப் பெற்றவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும்.